டாக்டரின் வாயை அடைத்த தோட்டா

பெத்ரபியாங்காவிலிருந்து கணவாய் வரைக்கும் ஏறுகிற மலைச்சாலை ஓர்சுவின் பொறுப்பு. மழை பெய்தால் சரிந்த கல்லை அள்ளுவான், பனி விழுந்தால் பனியை அள்ளுவான், வெயில் காலத்தில் ஓரத்துப் புதரை வெட்டுவான். இதெல்லாம் பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவில் எந்தச் சாலைக்காரனும் செய்கிற வேலைதான். ஓர்சுவுக்குக் கூடுதலாக இன்னொன்று இருந்தது. பெயர்ப்பலகை நடுவது. நட்டதையே திரும்பத் திரும்ப நடுவது.

பலகையில் ஊர்ப்பெயர் மேலே பிரெஞ்சில் இருக்கும், கீழே தீவு பாஷையில் இருக்கும். நட்ட சில நாளில் மேல் வரியில் கருப்புப் பெயின்ட் ஏறிவிடும். இல்லாவிட்டால் பலகை குண்டு துளைத்துச் சல்லடையாகத் தொங்கும். செய்வது விடுதலை முன்னணிக்காரர்கள். அந்த வட்டாரத்தில் முன்னணி என்றால் யார் என்று ஊருக்கே தெரியும், ஓர்சுவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவனுடைய சொந்த அக்கா ஃபெலிச்சாவின் மகன் லிசாந்த்ரு. இருபத்தாறு வயது. செம்மறி மேய்த்து, பாலாடைக்கட்டி செய்து விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள்.

"மாமா, மூணாவது வளைவுல பலகையை நல்லா ஆழமா நட்டிருக்கீங்க."

"ஏன், அசைச்சுப் பாத்தியா?"

"நான் எதுக்கு அசைக்கிறேன். காத்துக்குக்கூட ஆடலைன்னு சொன்னேன்."

"இந்தப் பக்கம் காத்து கருப்பு பெயின்ட் டப்பாவோட வருது. அதான் ஆழமா நட்டேன்."

ஃபெலிச்சா இருவர் தட்டிலும் பன்றிக்கறியைப் போட்டு, "தின்னுங்க, பேசாதீங்க" என்பாள். அதோடு அரசியல் முடிந்துவிடும்.

ஓர்சு டாக்டர் கசபுரூனாவின் ஆள். டாக்டரின் ஆள் என்றால் சும்மா ஓட்டுப் போடுகிறவன் இல்லை. அவன் அப்பா டாக்டருடைய அப்பாவின் ஆள். ஊரில் இரண்டு காப்பிக் கடை உண்டு, மேல் கடை, கீழ் கடை. மேல் கடை டாக்டர் கட்சி, கீழ் கடை எதிர்க்கட்சி. ஐம்பத்தாறு வயதில் ஓர்சு கீழ் கடை வாசற்படியை மிதித்ததில்லை. ஒருமுறை அங்கே தீப்பிடித்தபோது வாளியோடு ஓடினான், தண்ணீரை வாசலில் நின்றே வீசினான்.

வாலிபத்தில் சாலை வேலையின்போது பாறை உருண்டு அவன் வலது காலை நசுக்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார்கள். டாக்டர் கசபுரூனா அப்போது அரசியலில் பாதி, வைத்தியத்தில் பாதி. "நான் இருக்கேன், எவன் எடுக்கிறான்னு பாக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எலும்பைத் துண்டு துண்டாகப் பொருத்தினார். அந்தக் காலால்தான் ஓர்சு இன்றைக்கும் மலையேறுகிறான். அதற்கப்புறம் மற்றவர்கள் டாக்டரிடம் போய் மகனுக்கு வேலை, மாமனாருக்குப் பென்ஷன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓர்சு எதுவும் கேட்டதில்லை. கால் ஒன்றே போதும் என்றிருந்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் தீவுச் சபையில் தோற்றுப் பதவி இழந்தார். கீழ் கடைக்காரர்கள் வந்தார்கள். வந்ததும் ஓர்சு ஓட்டிக்கொண்டிருந்த பனி அள்ளும் வண்டியைப் பிடுங்கி அவர்கள் ஆளுக்குக் கொடுத்து, ஓர்சுவின் கையில் மண்வெட்டியைத் திணித்தார்கள். அவன் முனகவில்லை. தன் கட்சி வந்திருந்தால் தானும் அதையேதான் எதிர்பார்த்திருப்பான்.

இந்த வருஷம் தீவு கொதித்தது. பஸ்தியாவில் வரி ஆபீஸ் வெடித்தது, அஜாக்சியோவில் வங்கி வெடித்தது, கடலோரத்தில் வெளியூர்க்காரர்கள் கட்டிய கோடை வீடுகள் ஒவ்வொன்றாகச் சிதறின. ஆள் சாகவில்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. சபை கவிழ்ந்தது. டாக்டர் எழுந்து, "குண்டு வைக்கிறவனை நான் அடக்குகிறேன், தீவு பிரான்சோடுதான் இருக்கும்" என்றார். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை சபையில் புதுத் தலைவருக்கு ஓட்டெடுப்பு.

அன்றைக்கு ஓர்சு வேலைக்குப் போனான் என்று சொல்ல முடியாது. மண்வெட்டியை ஒரு வளைவில் சாத்தி வைத்துவிட்டு மேல் கடைக்கு வந்துவிட்டான். கடைக்காரன் சில்வானு ரேடியோவை மேடைமேல் வைத்திருந்தான். சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டர் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் தலைவர் ஜெயித்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவது வழக்கம். பாட்டு, கொடி எல்லாம் அப்புறம்தான். எல்லோரும் துப்பாக்கியோடுதான் வந்திருந்தார்கள். கடை முற்றத்தில் நின்று சுட ஆரம்பித்தார்கள். கீழ் கடைக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள், அதுவும் வழக்கம்தான்.

வேட்டைச் சட்டையில் ஓர்சுவுக்கு இரண்டு பெரிய பை. இடது பையில் பறவைத் தோட்டா. பொடிச் சன்னம், மேலே போய் மழை மாதிரிப் பொலபொலவென்று விழும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. வலது பையில் காட்டுப்பன்றித் தோட்டா. உள்ளே கட்டை விரல் பருமனில் ஒரே ஒரு ஈயக் குண்டு. சந்தோஷத்துக்கு இடது பை, பன்றிக்கு வலது பை. குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு சில்வானு மிர்த்துப் பழச் சாராயத்தைத் தண்ணீர் மாதிரி ஊற்றினான். எட்டு வருஷம் குனிந்திருந்த தலை நிமிர்ந்த நாள் வேறு. ஓர்சுவின் கை வலது பக்கமாகப் போய்விட்டது.

கடைக்குள்ளே டி.வி.யில் டாக்டரைக் காட்டினார்கள். "பேசப் போறாரு, பேசப் போறாரு!" என்று சில்வானு கத்தினான். ஓர்சு கடைசியாக ஒன்று போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று துப்பாக்கியைத் தூக்கினான். ஊருக்குப் பின்னால் பாறை முகட்டில் டி.வி. ரிலே கம்பம் நிற்கிறது. அதன் நடுவில் சாம்பல் நிறப் பெட்டி. சுட்டதும் அந்தப் பெட்டியின் மூடி பறந்து போனதை ஓர்சு தன் கண்ணால் பார்த்தான். உள்ளே டாக்டர், "என் அருமைச் சகோதரர்களே" என்றார். அத்தோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

எல்லோரும் டி.வி.யைத் தட்டினார்கள். சில்வானு அதன் தலையில் ஒரு குத்து விட்டான். பள்ளத்தாக்கு முழுக்க ஒரு வீட்டிலும் படம் வரவில்லை. ஓர்சு மெதுவாக இடது பையைத் தொட்டுப் பார்த்தான். நிரம்பியே இருந்தது. வலது பை காலி.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் சாலைக்குப் போனால், ஊருக்குக் கீழே தாங்குசுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளை எழுத்து. 'டாக்டரின் வாயை அடைத்தோம். விடுதலை முன்னணி.' எழுத்தைப் பார்த்ததுமே ஓர்சுவுக்குப் புரிந்துவிட்டது. லிசாந்த்ரு பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அவன் எழுத்து கடைசியில் மேலே ஏறிக்கொண்டு போகும். செய்யாத வேலைக்குப் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சிரிப்பு வந்தது ஓர்சுவுக்கு. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற கீழூரிலிருந்து ஜீப் இரண்டு அவனைத் தாண்டி ஏறிப்போயின. திரும்பி இறங்கும்போது பின் சீட்டில் லிசாந்த்ரு உட்கார்ந்திருந்தான். தலை நிமிர்ந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஓர்சு அக்கா வீட்டுக்கு ஓடினான். ஃபெலிச்சா தொழுவத்தில் பால் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பால் கறந்துட்டு இருந்தான்டா. கையை நீட்டுன்னாங்க. நகத்துக்குள்ள வெள்ளைப் பெயின்ட். 'பாலு'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? 'நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை'ன்னுட்டான், பெரிய கோர்ட்டுல நிக்கிறவனாட்டம்!"

"எங்க கொண்டு போறாங்க?"

"கீழூர் ஸ்டேஷன்ல வெச்சிருப்பாங்களாம். வெள்ளிக்கிழமை ஏரோபிளேன்ல பாரீஸுக்கு. அங்க போனவன் எவன்டா சீக்கிரம் திரும்பி வந்தான்? அந்தோனியோட பையன் போனான், வரும்போது அவன் அம்மாவுக்கு அவனை அடையாளம் தெரியலை." வாளியை அவன் நெஞ்சில் இடித்தாள். "உன் டாக்டர் வந்தாரு, என் பையன் போயிட்டான். இந்தா, நீயே கற!"

ஓர்சு கறந்தான். அவனுக்கு ஆடு கறந்து பழக்கமில்லை. முதல் ஆடு உதைத்தது, இரண்டாவது வாளிக்குள் காலை வைத்தது, மூன்றாவது அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை அடக்கிக்கொண்டது. பாலைக் காய்ச்சி அவன் செய்த கட்டியை ஃபெலிச்சா ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதால செருப்பு தைக்கலாம்" என்றாள். ஆனாலும் சாயங்காலமும் வந்து கறந்தான். வேறென்ன செய்வது? அந்தப் பையன் வெள்ளிக்கிழமைக்குள் வெளியே வர வேண்டும். பாரீஸ் விமானத்தில் ஏறிவிட்டால் பிறகு யார் கையிலும் இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மனைவி தோமசீனாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது.

"நீயா சுட்ட?"

"வலது பை."

"எட்டு வருஷமா அந்த மனுஷன் எப்ப வாயைத் திறப்பாருன்னு காத்திருந்த. திறந்ததும் நீயே அடைச்சிட்ட!" மேசையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போய்ச் சொல்லு" என்றாள்.

"போலீஸ்கிட்டயா?"

அவள் மறுபடி ரொட்டியை அறுக்க ஆரம்பித்தாள். பெத்ரபியாங்காவில் போலீஸ்காரனிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. மணி என்ன என்று கேட்டால்கூடக் கவனிக்கவில்லை என்றுதான் பதில் வரும். பக்கத்து வீட்டுக்காரன் மாட்டைத் திருடியவனைப் பற்றியும் சொல்ல மாட்டார்கள், தன்னைப் பற்றியும் சொல்ல மாட்டார்கள்.

"நாளைக்கு டாக்டர் வர்றாருல்ல?" என்றாள். "அவரைக் கேளு. ஒரு போன் போட்டா முடிஞ்சுது. முப்பது வருஷமா ஒண்ணும் கேக்கலையே."

ஜெயித்த தலைவர் தன் ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஏறி, ஒரு கிளாஸ் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஒரு வீட்டை விட்டால் அந்த வீடு பேரன் காலம் வரைக்கும் பகை. புதன்கிழமை டாக்டர் ஓர்சு வீட்டுக்கு வந்தபோது ஏற்கெனவே ஏழெட்டு வீடு ஏறியிருந்தார், முகம் தக்காளியாகியிருந்தது. கூட வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"ஏறுது டாக்டர்."

"என்னோட நல்ல வேலை அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அரசியல்." சாராயத்தை உறிஞ்சினார். "கேளு ஓர்சு. உனக்கு ஏதோ கேக்கணும்னு தோமசீனா வாசல்லயே சொல்லிட்டா. நீ இத்தனை வருஷமா ஒண்ணும் கேக்காததே எனக்கு ஒரு உறுத்தலா இருந்துச்சு."

"என் அக்கா பையனை விடச் சொல்லுங்க."

டாக்டர் கிளாஸை மேசையில் வைத்தார்.

"வேற ஏதாவது கேளு."

"வேற ஒண்ணும் வேணாம்."

"பனி வண்டியைத் திருப்பித் தர்றேன். புது வண்டியா தர்றேன்."

"பையன் போதும் டாக்டர்."

"நான் ஒரே ஒரு ஓட்டுல வந்திருக்கேன். அந்த ஓட்டு எதுக்கு விழுந்துச்சு? இவனுங்களை அடக்குவேன்னு சொன்னதுக்கு விழுந்துச்சு. வந்த ரெண்டாம் நாளே போனை எடுத்து ஒருத்தனை விடுன்னு சொன்னா, நாளைக்கு நான் வீட்டுல உக்காந்து உன் காலைத்தான் தடவிக்கிட்டு இருக்கணும்."

"அவன் சுடலை டாக்டர்."

"யாரு சுட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தான்."

ஓர்சு இரண்டு பைகளின் கதையைச் சொன்னான். டாக்டருக்கு முதலில் வயிறு குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"பொண்டாட்டிக்கு. இப்ப உங்களுக்கு."

"அத்தோட நிக்கட்டும். இதைப் பாரு, எதிரி என் வாயை அடைச்சா நான் வீரன். பாரீஸ் பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு. என் சொந்த ஆளு பன்னித் தோட்டாவால அடைச்சான்னு வெளிய வந்தா, தீவோட இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் சிரிப்பாங்க. பையன் ரெண்டு மாசம் உள்ள இருக்கட்டும். அப்புறமா நான் பாத்துக்கறேன்."

"மந்தை அடுத்த வாரம் கோடை மேய்ச்சலுக்கு மலையேறணும். ஆடு ரெண்டு மாசம் காத்திருக்காது."

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் அன்பு இல்லாமல் இல்லை. எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஓர்சு அவர் குடித்த கிளாஸை எடுத்துக் கழுவினான். டாக்டர்மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தான், வரவில்லை. கால் அவர் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் லிசாந்த்ரு அவர் கொடுத்ததில்லை. அக்கா பிரசவ வலியில் கத்தியபோது வாசலில் குளிரில் நின்றவன் ஓர்சுதான்.

வியாழக்கிழமை காலை ஆடு கறந்து முடித்ததும், சாலை இலாகா லாரியை எடுத்துக்கொண்டு கீழூர் ஸ்டேஷனுக்கே போய்விட்டான்.

சார்ஜன்ட் கெர்வெல்லா பிரான்சின் வடமேற்கே பிரத்தான் பக்கத்து ஆள், மழைநாட்டுக்காரர். தீவுக்கு வந்து மூன்று வருஷமாகியும் மூக்கு வெயிலில் உரிவது நிற்கவில்லை. ஓர்சு சொன்னதை ஒரு வார்த்தையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டார்.

"நல்ல மாமா நீங்க" என்றார்.

"நெஜமாத்தான் சொல்றேன் சார்ஜன்ட். குறி பாத்துக்கூட சுடலை."

"மிஸ்டர் ஓர்சு, மூணு வருஷமா உங்க ஊர்ல வந்து விசாரிக்கிறேன். தபால்பெட்டி எங்க இருக்குன்னு கேட்டதுக்கு 'இங்க தபால்பெட்டியே கிடையாது'ன்னு அதுமேல சாஞ்சுக்கிட்டே ஒருத்தர் சொன்னாரு. இன்னைக்கு முதல் தடவையா ஒருத்தர் தானா வந்து வாயைத் திறக்கறீங்க. யாருக்காக? உள்ள இருக்கிற பையனோட அம்மாவுக்குத் தம்பி. நான் நம்பணுமா?"

உள்ளேயிருந்து லிசாந்த்ரு கேட்டுக்கொண்டிருந்தான். கம்பிக்குப் பின்னாலிருந்து கத்தினான்.

"மாமா, வீட்டுக்குப் போங்க! யாரு உங்களைக் கூப்பிட்டா?"

"நீ சும்மா இருடா. நீ சுடலைன்னு சொல்லித் தொலையேன்!"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். சுட்டேன்னும் சொல்ல மாட்டேன், சுடலைன்னும் சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா?" என்றார் சார்ஜன்ட். "முன்னணி 'நாங்க சுட்டோம்'னு எழுதுது. உங்க டாக்டர் 'அவங்கதான் சுட்டாங்க'ன்னு ரேடியோவுல சொல்றாரு. பையன் மறுக்க மாட்டேங்கறான். நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கறீங்க." பேனாவை உருட்டினார். "பெட்டியில ஓட்டை ஊரைப் பாத்த பக்கம் இருக்கு, அது உண்மை. எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அந்தக் கடையில உங்களோட இருந்தவங்கள்ல ஒரே ஒருத்தர், நீங்க அங்க இருந்து சுட்டதைப் பாத்தேன்னு சொல்லட்டும். நாளைக்கு விமானத்துல பையனை ஏத்த மாட்டேன். சாயங்காலம் கடைக்கு வர்றேன்."

ஓர்சு திரும்பும் வழியெல்லாம் சபித்துக்கொண்டே வந்தான். ஒரே ஒருத்தர்! அந்த மலையைப் பேச வைக்கச் சொல்லியிருந்தால் அது சுலபம்.

சாயங்காலம் சார்ஜன்ட் மேல் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்கள். வாசலில் ஃபெலிச்சா வந்து நின்றாள், ஆண்கள் கடைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"திங்கட்கிழமை இங்க யாராவது சுட்டீங்களா?" என்றார் சார்ஜன்ட்.

"சுடறதா? இங்கயா?" என்றான் சில்வானு.

"கீழூர் வரைக்கும் கேட்டுச்சு."

"இடி இடிச்சிருக்கும். ஜூன் மாசம் இடிக்கும்."

"வானம் தெளிவா இருந்துச்சே."

"அப்ப தெளிவான வானத்துல இடி இடிச்சிருக்கு. மலையில அதெல்லாம் நடக்கும்."

சார்ஜன்ட் ஓர்சுவைப் பார்த்தார். முகத்தில், நான் சொல்லவில்லையா என்ற களைப்பு. ஓர்சு எழுந்து நின்றான்.

"சில்வானு, நான் உன் பக்கத்துலதான் நின்னேன். ரிலே பெட்டியை அடிச்சது நான்தான்னு இவருகிட்ட சொல்லு."

"எந்தப் பெட்டி?"

"பாறை மேல இருக்கிற பெட்டிடா! ஒரே குண்டு. மூடி பறந்துச்சு."

அப்போது மூலையிலிருந்து ஒரு சிரிப்பு. பாவுலு மச்செத்தா, வேட்டைக் கூட்டத்தில் மூத்தவன், சீட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்.

"நீயா? இங்கேருந்து பாறை முகட்டுக்கா? போன வருஷம் நின்ன பன்னியையே தவற விட்டவன்டா நீ."

"அது ஓடுற பன்னி!"

"படுத்திருந்துச்சு. குறட்டை விட்டுச்சு. நீ அதுக்குப் பக்கத்து மரத்தைச் சுட்ட." பாவுலு சீட்டை வைத்துவிட்டான். "இந்த ஊர்ல அந்தத் தூரத்துக்குக் குண்டு போகுதுன்னா அது என் துப்பாக்கியிலேருந்துதான் போகும். எனக்கு அப்பவே தெரியும், பேசாம இருந்தேன்."

சில்வானுவுக்குப் பொறுக்கவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து துணியை வீசிவிட்டு வந்தான்.

"உன் துப்பாக்கியா? உன்னோடது சன்னத்தைத் துப்பவே மூச்சு வாங்குது! நான் சுட்ட உடனேதான் படம் போச்சு. நான் சுட்டேன், போச்சு. எல்லாரும் பாத்தீங்க!"

"நீ உள்ள டி.வி. பக்கத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தடா!"

"சன்னல் வழியா சுட்டேன்!"

"சன்னல் வழியாச் சுட்டா தெருதான்டா தெரியும், பாறை எப்படித் தெரியும்?"

இனி யாரைப் பிடித்து நிறுத்துவது! எங்கள் ஊர்க்காரன் கொலையைப் பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் அடித்த குண்டு யாருடையது என்ற வழக்கு வந்துவிட்டால், செத்த பன்றியின் தலை யார் வீட்டுக்குப் போகும் என்ற வழக்கு மாதிரிதான். அண்ணன் தம்பியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சீட்டாடியவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் முற்றத்துக்கு ஓடி, தான் நின்ற கல்லின்மேல் ஏறி நின்று காட்டினான். இன்னொருவன் துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக் கோணம் காட்டினான். ஓர்சு எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டான். "என் குண்டுடா! வலது பை காலியா இருந்துச்சுடா! நீங்கள்ளாம் பறவைத் தோட்டா போட்டீங்க, அது கம்பத்துல பாதிகூட ஏறாது!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்கு அவன் குண்டு வேண்டும்.

பாவுலு தன் பையிலிருந்து திங்கட்கிழமை மிச்சமான தோட்டாக்களைக் கொட்டிப் பார்த்தான். எல்லாம் பறவைத் தோட்டா. சில்வானுவினுடையதும் அதேதான். பாவுலு மீசையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தான், ஓர்சுவைப் பார்த்தான்.

"சரி. குண்டு அவனோடதுதான்" என்றான் கசப்போடு. "ஆனா குருட்டு அதிர்ஷ்டம். எழுதறப்ப அதையும் சேத்து எழுதுங்க சார்ஜன்ட்."

சார்ஜன்ட் என்ற சொல்லை அவனே சொன்ன பிறகுதான் அங்கே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கடை மறுபடி அடங்கியது. கெர்வெல்லா நாற்காலியில் சாய்ந்து, மூன்று வருஷத்தில் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஃபெலிச்சா கதவு நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு சாட்சி போதும்னு சொன்னேன்" என்றார் அவர். "இத்தனை பேர் வேணாம்."

சில்வானு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "எல்லாருக்கும் ஒரு கிளாஸ்" என்றான். "சார்ஜன்டுக்கும்."

சுட்டவர்கள் எல்லோருடைய துப்பாக்கியும் வேட்டைப் பருவம் தொடங்கும் வரைக்கும் ஸ்டேஷனில் பூட்டி வைக்கப்படும் என்றார் சார்ஜன்ட். ஓர்சுவினுடையது பருவம் தொடங்கிய பிறகும் ஒரு மாதம் சேர்த்து. ஓர்சு தலையாட்டினான். பாவுலுவும் தலையாட்டினான், ஓர்சுவுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஓர்சு லாரியோடு ஸ்டேஷன் வாசலில் நின்றான். லிசாந்த்ரு வெளியே வந்தான். சுவரில் கிறுக்கியதற்கு அதைச் சுண்ணாம்படித்து அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவனை விட்டிருந்தார்கள். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

"மூணு நாளா நான் பெரிய ஆளு" என்றான் இரண்டாவது வளைவில். "கூட இருந்தவன் எனக்கு சிகரெட் கொடுத்து, 'அண்ணே'ன்னான். இப்ப பன்னித் தோட்டா மாமாவோட மருமகன். மலை பூரா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வீட்டுல இருந்து கேட்டுக்க."

"உங்க டாக்டரும் உங்களை விட மாட்டாரு, பாருங்க. அவரை நாறடிச்சிட்டீங்க."

ஓர்சுவுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்தது. லாரி ரேடியோவைத் திருகினான். செய்தி ஓடிக்கொண்டிருந்தது, டாக்டரின் குரல் வந்தது. யாரோ நிருபர் விஷயத்தைக் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது. டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் மக்களுக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்! என் பேச்சைக் கேட்கக்கூடப் பொறுமையில்லை. அந்த மனிதரின் காலை நான்தான் சரி செய்தேன். அந்தக் காலில் நின்றுதான் அவர் எனக்காகச் சுட்டார்."

லிசாந்த்ரு கையை விரித்தான்.

"பாத்தீங்களா மாமா? இதையும் ஓட்டா மாத்திட்டாரு!"

"மாத்தட்டும்டா. அவருக்கு அது தெரியும், எனக்கு ரோடு தெரியும்." ஓர்சுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. "பசிக்குதா?"

"பசிக்குது. ஆட்டை யாரு கறந்தா?"

"நான்தான்."

பையன் முதல் முறையாக மாமாவை நேராகப் பார்த்தான். "நீங்களா? கட்டியும் நீங்களா செஞ்சீங்க?"

"பின்னே?"

"எத்தனை கட்டி?"

"இருக்கு, இருக்கு. உங்கம்மா ஒண்ணைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கா."

லிசாந்த்ரு சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான். ஓர்சு கியரை மாற்றினான், லாரி முனகிக்கொண்டே ஏறியது.

"திங்கட்கிழமை மந்தையை ஏத்திடலாமா மாமா? சாலையை மறிச்சு வண்டியை நிறுத்தணுமே."

"நிறுத்தறேன். கொடியைப் பிடிச்சு முன்னால நடக்கறேன்."

"எந்தக் கொடி?"

"சிவப்புத் துணிடா. சாலை இலாகா துணி. வாயை மூடிக்கிட்டு வா."